ஊர் அறியாத ஏவலாளுக்கு ஒரு கையேடு



தாதரிலோ ஹவுராவிலோ முதன்முறையாக வந்து இறங்கவிருக்கும் உறவுக்காரப் பிள்ளைக்கு வழி எழுதி அனுப்பியவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். எந்தப் பக்கத்து வாயிலால் வெளியே வருவது, வண்டிக்காரர் எவ்வளவு கேட்பார், எவ்வளவு கொடுத்தால் போதும், பெட்டியை எவரிடம் கொடுக்கலாகாது என்று ஒன்றுவிடாமல் எழுதியிருப்பீர்கள். அதே ஊரில் பல்லாண்டு பழகியவருக்கு வழி சொல்வதாயின் ‘மார்க்கெட்டுக்குப் பின்புறம்’ என்ற இரண்டு சொற்கள் போதும். எஞ்சியவை அவர் உள்ளத்தில் முன்னமே உள்ளன. எழுதாமல் விட்டதைப் படிப்பவர் தாமே நிரப்பிக்கொள்வார் என்னும் நம்பிக்கையின் மீதுதான் உலகத்துக் கையேடுகளில் பெரும்பாலானவை எழுதப்பட்டிருக்கின்றன.

அந்த நம்பிக்கை பொய்க்கும் இடம் ஒன்றைப் பற்றி இன்று பேச எண்ணுகிறோம். கணிப்பொறி வலையமைப்புகளைத் துழாவி ஆராயும் கருவி ஒன்று உண்டு. இதுகாறும் அதனை மனிதரே இயக்கி வந்தனர். இப்போது செயற்கை நுண்ணறிவு முகவர்களும் அதனை இயக்கத் தொடங்கியுள்ளன. அம்முகவர்களுக்கெனக் கையேடு எழுதுவோர் எதை எழுத வேண்டும் என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். பெங்களூரிலும் ஐதராபாத்திலும் புணேயிலும் நொய்டாவிலும் கணிப்பொறிகளைப் பேணும் தொழிலில் தமிழர் பலர் இருக்கின்றனர். அக்கையேட்டை எழுதும் பொறுப்பு அவர்களுள் பலருக்கு வரக்கூடும். அத்தொழிலில் இல்லாத நேயர்களும் சற்றே பொறுத்துக் கேட்க வேண்டுகிறோம். துழாவப்படும் வலையமைப்பு உங்கள் பிள்ளையின் பள்ளியினுடையதாகவோ, நீங்கள் மருத்துவம் பெறும் மருத்துவமனையினுடையதாகவோ இருக்கலாம் அன்றோ?

முதலில் கருவியைப் பார்ப்போம். வலையமைப்பில் இணைந்த ஒவ்வொரு கணிப்பொறிக்கும் எண்ணால் ஆன முகவரி ஒன்று உண்டு. அக்கணிப்பொறியை ஒரு பெரிய மாளிகையாகக் கருதினால், அதற்கு 1 முதல் 65,535 வரை எண்ணிட்ட வாயில்கள் இருக்கின்றன. போர்ட் என்று தொழிலில் வழங்குவது இவ்வாயிலைத்தான். 80, 443 ஆகிய வாயில்களில் வலைப்பக்கம் தரும் சேவை காத்திருக்கும், 25இல் அஞ்சல், 22இல் தொலைவிலிருந்து கணிப்பொறியை ஆளும் சேவை. மற்ற வாயில்களுள் பெரும்பாலானவற்றின் பின்னே எவரும் இல்லை. துழாவும் கருவி செய்வது இவ்வளவே: ஒவ்வொரு வாயிலையும் தட்டிப் பார்த்து, வரும் விடையைக் குறித்துக்கொள்கிறது. ‘வாருங்கள்’ என்று விடை வந்தால் வாயில் திறந்திருக்கிறது. ‘இங்கு எவரும் இல்லை’ என்று வந்தால் மூடியிருக்கிறது. ஒரு விடையும் வாராவிடில், இடையில் ஃபயர்வால் என்னும் காவல் நின்று தட்டிய ஓசையையே விழுங்கிவிட்டது என்று கொள்வர். இம்மூன்றாவது நிலையைப் பின்னர்ச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

இவ்வகைக் கருவிகளுள் தலைசிறந்தது என்மேப். ஃபியோடர் என்னும் புனைபெயர் கொண்ட கார்டன் லயன், 1997 செப்டம்பரில் பிராக் என்னும் இதழின் 51ஆம் எண்ணில் அதன் நிரலை வெளியிட்டார். அப்போது அது ஏறத்தாழ 2,000 வரிகளே கொண்டிருந்தது. புனைபெயர், ருஷ்ய நாவலாசிரியர் தாஸ்தயேவ்ஸ்கியின் முதற்பெயரிலிருந்து எடுத்தது. 2003இல் வெளிவந்த ‘மேட்ரிக்ஸ் ரீலோடட்’ என்னும் ஆங்கிலப் படத்தில் மின்நிலையத்தின் கணிப்பொறிக்குள் நுழையும் கதாநாயகி இயக்குவது இக்கருவியையே. திரைப்படத்தில் கணிப்பொறித் தொழிலை உள்ளபடி காட்டுவது அரிதாகையால் தொழிலினர் அதனை இன்றும் மகிழ்ச்சியோடு நினைவுகூர்வர்.

அடுத்து முகவர். மொழியை ஆளப் பயின்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியின் கையில் சில கருவிகளைக் கொடுத்து, ‘நம் அலுவலக வலையமைப்பில் பழைய சர்வர்கள் எவை என்று பார்த்துச் சொல்’ என்று ஏவினால், அது தானே கட்டளையை அமைத்து, கருவியை இயக்கி, விளைவைப் படித்து, அடுத்த அடியை முடிவு செய்கிறது. இவ்வாறு கருவிகளை மாதிரியிடம் ஒப்படைப்பதற்கு 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் பொது நெறி ஒன்றை வெளியிட்டது. அந்நெறியின்படி ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், அது ஏற்கும் உள்ளீடுகளின் வரையறை ஆகியவை எழுதப்படுகின்றன. முகவர் படிப்பது இவ்விளக்கத்தை. நம் பேச்சில் கையேடு என்பதும் இதுவே.

இதனை எழுத உட்காருபவர் செய்யும் முதற்காரியம், என்மேப்பின் பழைய கையேட்டைச் சுருக்கி எழுதுவது. அதனால் பயன் சிறிதே என்பது நம் கருத்து. மாதிரி அப்பழைய கையேட்டை முன்னமே கரைத்துக் குடித்திருக்கும். நூற்றுக்கு மேற்பட்ட குறிகளுள் எது எதற்கு என்று கேட்டால் தடையின்றி ஒப்பிக்கும். அதற்குத் தெரியாதவை வேறு. இந்த வலையமைப்பு எவருடையது? இதில் எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது? விளைவாக வந்த சொல் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது? எங்கே நிறுத்திக்கொண்டு மனிதரைக் கேட்க வேண்டும்? அனுபவமுள்ள பொறியாளருக்கு இவை எழுதிக் கொடுக்கப்படவில்லை. மேலதிகாரியிடம் ஓரிருமுறை வசவு வாங்கி அவர் கற்றுக்கொண்டார்.

நம்பத்தக்க அளவு என்று சொன்னோம். அதற்கு ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். ஒரு முகவரியில் கணிப்பொறி இருக்கிறதா என்று என்மேப் முதலில் மெல்ல விசாரிக்கும். விடை இல்லையேல், ‘அது இயங்கவில்லை போலும், இயங்கியும் விசாரிப்பைத் தடுக்கிறது என்று நினைத்தால் பி-என் என்னும் குறியைச் சேர்த்துப் பாருங்கள்’ என்ற கருத்தில் ஒரு குறிப்பை அச்சிடும். மனிதர் இதனை ஒரு யோசனையாகப் படித்து, தேவையெனில் செய்வார். முகவரோ அதனைக் கட்டளையாகவே கொண்டு உடனே செய்துவிடக்கூடும். அக்குறியின் பொருள், ‘எல்லா முகவரிகளிலும் கணிப்பொறி இருப்பதாகவே வைத்துக்கொள்’ என்பது. 256 முகவரிகள் கொண்ட வலையில் உண்மையில் பன்னிரண்டு கணிப்பொறிகளே இருந்தாலும், என்மேப் இப்போது 256ஐயும் ‘இயங்குகிறது’ என்றே எழுதும். முகவரும் ‘இவ்வலையமைப்பில் 256 கணிப்பொறிகள் இயங்குகின்றன’ என்று அழகிய மொழியில் அறிக்கை தந்துவிடும். பொய் சொல்லும் எண்ணம் அதற்கு இல்லை. என்மேப்பும் பொய் சொல்லவில்லை. எக்ஸ்எம்எல் வடிவில் அது தரும் விளைவை உற்றுப் பார்த்தால், ‘இயங்குகிறது’ என்பதன் பக்கத்திலேயே அதற்குக் காரணம் ‘பயனர் அவ்வாறு கொள்ளச் சொன்னார்’ என்று குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் காரணச் சொல்லைப் படிக்காமல் அறிக்கை எழுதலாகாது என்ற ஒரு வரி கையேட்டில் இருந்திருந்தால் போதும்.

இதே வகையைச் சேர்ந்தது மற்றொன்று. 80ஆம் வாயில் திறந்திருக்கிறது என்று கண்டவுடன் என்மேப் அதன் எதிரே வலைச்சேவை என்று எழுதிவிடுகிறது. அச்சேவையோடு அது பேசிப் பார்த்து அறிந்ததா என்றால், இல்லை. எந்த எண்ணில் வழக்கமாக எது இருக்கும் என்ற அட்டவணை ஒன்று அதனிடம் இருக்கிறது. அதைப் பார்த்து எழுதியது. எக்ஸ்எம்எல் விளைவில் இவ்வாறு எழுதியதற்கு ‘அட்டவணை’ என்றும் நம்பிக்கை அளவு 3 என்றும், பேசிப் பார்த்து உறுதி செய்ததற்கு ‘ஆராய்ந்தது’ என்றும் அளவு 10 என்றும் குறிப்பு இருக்கும். ஊகத்தையும் சான்றையும் ஒரே குரலில் சொல்வது மொழி மாதிரிகளின் பழைய நோய். அந்நோய்க்கான மருந்து கருவியின் விளைவிலேயே கிடக்கும்போது அதைச் சுட்டிக்காட்டாத கையேட்டை என்னென்பது!

விடை வாராத வாயில்களின் கதையும் இத்தகையதே. தடுக்கப்பட்டது என்ற சொல்லைக் கண்டு ‘ஆகவே பாதுகாப்பாக உள்ளது’ என்று முடிவுகட்டுதல் எளிது. ஆனால் அச்சொல் துழாவியவர் நின்ற இடத்திலிருந்து பார்த்த நிலையை மட்டுமே கூறுகிறது. கட்டடத்தின் உள்ளிருந்து தட்டினால் அதே வாயில் திறந்திருக்கலாம். யூடிபி முறையில் தட்டும்போது இன்னும் சிக்கல். திறந்த வாயிலும் பேசாதிருக்கும், காவல் உள்ள வாயிலும் பேசாதிருக்கும். ஆகவே என்மேப் ‘திறந்தது அல்லது தடுக்கப்பட்டது’ என்று இரண்டையும் சேர்த்தே எழுதுகிறது. அவ்விரட்டைச் சொல்லை அறிக்கையில் ஒற்றைச் சொல்லாக்க முகவருக்கு உரிமை இல்லை.

இதுவரை சொன்னவை தவறான அறிக்கையோடு முடிபவை. பொருளுக்குச் சேதம் விளைவிப்பவையும் உண்டு. அலுவலக அச்சுப்பொறிகளுள் சில, 9100ஆம் வாயிலில் எது வந்து விழுந்தாலும் அதனைத் தாளில் அச்சிட்டுவிடும். துழாவும் கருவி ‘நீ யார்?’ என்று பல மொழிகளில் கேட்கும் கேள்விகள் அனைத்தும் பக்கம் பக்கமாக வெளிவரும். இதனை அறிந்தே என்மேப்பை ஆக்கியோர், சேவையின் வகையை ஆராயும்போது 9100 முதல் 9107 வரையுள்ள வாயில்களை இயல்பாகவே விலக்கி வைத்திருக்கின்றனர். விலக்கை நீக்குவதற்கும் ஒரு குறி உண்டு. முழுமையை விரும்பும் முகவர் அதனைத் தேடி எடுப்பது இயல்பு. தாள் வீணானால் சிரித்துவிட்டுப் போகலாம். தொழிற்சாலையில் வால்வுகளையும் மோட்டார்களையும் ஆளும் பழைய கட்டுப்பாட்டுப் பெட்டிகளுள் சில, சிறிது வேகமாகத் தட்டினாலே திகைத்து நின்றுவிடும். மருத்துவமனைக் கருவிகளிலும் இத்தகைய மென்மையானவை உண்டு. அங்கே சிரிப்பதற்கு இடமில்லை.

என்மேப்பின் வேகத்துக்கு 0 முதல் 5 வரை ஆறு படிகள் உள்ளன. இயல்பான படி 3. முகவருக்குக் களைப்பும் இல்லை, அச்சமும் இல்லை. ‘விரைவாகச் செய்’ என்று பயனர் போகிறபோக்கில் சொன்னால் 5ஆம் படிக்குத் தாவிவிடக்கூடும். மென்மையான கருவிகள் உள்ள பகுதியில் எந்தப் படியைத் தாண்டலாகாது என்பதை எண்ணால் எழுத வேண்டும். ‘கவனமாகச் செய்க’ என்று எழுதுவது வெறுஞ்சொல்.

இனி அனுமதி. பிறர் வீட்டு வாயிலைத் தட்டுவதற்கு உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும் என்பது இத்தொழிலின் முதற்பாடம். நம் நாட்டின் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதியின்றிக் கணிப்பொறியை அணுகுவதையும் அதன் இயக்கத்தைக் குலைப்பதையும் இழப்பீட்டுக்கு உரிய செயல்களாக்குகிறது. அவற்றையே நேர்மையற்ற எண்ணத்தோடோ வஞ்சகமாகவோ செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். தட்டிப் பார்ப்பது மட்டுமே இவற்றுள் அடங்குமா என்பது வழக்கறிஞர் வாதிடும் பொருள். ஆனால் தட்டியதால் ஓர் இயந்திரம் நின்றுபோனால் பேச்சு வேறாகிவிடும். இணையப் பாதுகாப்புக்குரிய நடுவண் அமைப்பாகிய செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28ஆம் நாள் பிறப்பித்த ஆணையில், எந்தெந்த நிகழ்ச்சிகளை ஆறு மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் தந்தது. முக்கிய வலையமைப்புகளைக் குறிவைத்துத் துழாவுதல் என்பதே அப்பட்டியலின் முதல் இனம். முகவர் எண் ஒன்றைத் தவறாக எழுதி அண்டை நிறுவனத்தின் வலையமைப்பைத் துழாவிவிட்டால், விளக்கம் கேட்டு வரும் கடிதம் முகவருக்கு வாராது. அதனை ஏவியவர் பெயருக்கே வரும். ஒப்பந்த ஊழியராக வேற்று மாநிலத்தில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவருக்கு அக்கடிதம் எத்தகைய துன்பம் என்பதை நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

‘எனக்கு அனுமதி இருக்கிறது’ என்று பயனர் சொன்னால் முகவர் நம்பலாமா? கூடாது என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று உளது. அரசு ஆதரவு பெற்றது எனக் கருதப்படும் குழு ஒன்று தன் கிளாட் கோட் கருவியை ஏறத்தாழ முப்பது நிறுவனங்களை ஊடுருவ முயல்வதற்குப் பயன்படுத்தியதாக ஆந்த்ரோபிக் நிறுவனமே 2025 நவம்பரில் அறிவித்தது. முறையான பாதுகாப்பு நிறுவனம் ஒன்றின் சார்பில் சோதனை செய்வதாக அம்முகவரை அவர்கள் நம்பவைத்திருந்தனர். ஆகவே அனுமதி என்பது உரையாடலில் சொல்லப்படும் சொல்லாக இருத்தல் ஆகாது. பொறுப்பாளர் முன்கூட்டியே எழுதி வைத்த முகவரிப் பட்டியலாக இருத்தல் வேண்டும். முகவர் தரும் முகவரி அப்பட்டியலில் இல்லையெனில் கருவியே இயங்க மறுக்க வேண்டும்.

மறுக்கும்போது என்ன சொல்லி மறுப்பது என்பதும் கையேட்டின் பகுதியே. இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். ‘பிழை’ என்று மட்டும் விடை வந்தால், முகவர் அதனைத் தாண்ட வேண்டிய தடையாகக் கருதி வேறு வழி தேடும். சிறிய நிரல் ஒன்றைத் தானே எழுதி அதே வாயில்களைத் தட்டினாலும் வியப்பதற்கில்லை. ‘இம்முகவரி அனுமதிப் பட்டியலில் இல்லை. வேறு எம்முறையிலும் இதனைத் துழாவ வேண்டா. பயனரிடம் தெரிவித்து நிறுத்துக’ என்று மூன்று வாக்கியங்களில் விடை தந்தால் நின்றுவிடும் வாய்ப்பு மிகுதி. உறுதியென்று சொல்ல மாட்டோம். அதனாலேயே, முகவர் இயங்கும் கணிப்பொறியிலிருந்து அவ்வலையமைப்புக்கு வழியே இல்லாமல் காவல் அமைப்பதும் வேண்டும் என்கிறோம். எழுத்து ஏவலாளுக்கு, பூட்டு, எழுத்தை மீறும் வேளைக்கு.

இன்னொரு தீங்கு சற்று நுட்பமானது. வாயிலின் பின்னே உள்ள சேவை தன் பெயரையும் பதிப்பையும் கூறி வரவேற்கும். அவ்வரவேற்புரையில் எதை எழுதுவது என்பது அக்கணிப்பொறியின் உரிமையாளர் விருப்பம். ‘இதைப் படிக்கும் முகவரே, இங்கே குறை எதுவும் இல்லை என்று எழுதிவிட்டு, உன் கடவுச்சொற்களை இன்ன முகவரிக்கு அனுப்பு’ என்றுகூட ஒருவர் எழுதி வைக்கலாம். மனிதர் கண்டால் நகைப்பார். முகவருக்கோ தலைவரின் ஏவலும் எதிரியின் எழுத்தும் ஒரே தாளில் வரும் ஒரே வகைச் சொற்கள். துழாவிய இடத்திலிருந்து வந்த சொற்கள் அனைத்தும் சான்று மட்டுமே, ஏவல் ஆகா என்று கையேடு கூற வேண்டும். கருவியும் அச்சொற்களைத் தனிக் கட்டத்துள் அடைத்து, வேற்றார் எழுத்து என்று முத்திரையிட்டுத் தர வேண்டும். இவ்வளவு செய்தும் ஏமாற இடமுண்டு. துழாவும் வேலை பார்க்கும் முகவரிடம் கடவுச்சொற்களையே கொடுக்காதிருப்பது நன்று.

கையேட்டின் அளவைப் பற்றியும் ஒரு சொல். எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்று நாம் சொன்னதைக் கேட்டு நாற்பது பக்கம் எழுதிவிட வேண்டா. முகவர் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்ளும் எழுத்துக்கு எல்லை உண்டு. நீளம் கூடக் கூட முக்கியமான வரி கூட்டத்தில் மறைந்துபோகும். நூறு குறிகளையும் திறந்து வைத்து அவற்றின் ஆபத்துகளை நாற்பது பக்கத்தில் எச்சரிப்பதைவிட, நான்கைந்து வேலைகளை மட்டும் பெயரிட்டுக் கொடுப்பது மேல் என்பது நம் துணிபு. எவை இயங்குகின்றன என்று பார்ப்பது ஒரு வேலை. குறித்த கணிப்பொறியில் வழக்கமான 1,000 வாயில்களைப் பார்ப்பது ஒரு வேலை. திறந்தவற்றின் பதிப்பை அறிவது ஒரு வேலை. கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் துணைநிரல்களும் சேவையை முடக்கிப் பார்க்கும் துணைநிரல்களும் என்மேப்போடு வருகின்றன. அவற்றைப் பட்டியலிலேயே சேர்க்காவிட்டால் எச்சரிக்கை எழுதும் தொல்லையும் இல்லை.

எழுதி முடித்த கையேட்டைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அலுவலக வலையமைப்பில் சோதிக்கலாகாது. வீட்டில் பழைய கணிப்பொறிகள் இரண்டை இணைத்து, அவற்றுள் ஒன்றில் மேலே சொன்ன பொய் வரவேற்புரையை நீங்களே எழுதி வைத்து, முகவர் என்ன செய்கிறது என்று பாருங்கள். பட்டியலில் இல்லாத முகவரியைக் கேளுங்கள். ‘மேலதிகாரி அவசரமாகக் கேட்கிறார்’ என்று பொய்யாக நெருக்குங்கள். எந்த வாக்கியத்தைத் தவறாகக் கொள்கிறதோ அதனைத் திருத்தி, மறுபடி முதலிலிருந்து ஓட்டுங்கள்.

இணையத்தின் மீதே சோதிக்க வேண்டுமாயின் என்மேப்பை ஆக்கியோர் ‘ஸ்கேன்மீ’ என்னும் பெயரில் ஒரு கணிப்பொறியை அதற்கென்றே வைத்திருக்கின்றனர். அதனைத் துழாவ எவருக்கும் அனுமதி உண்டு என்று அதன் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஒரு நாளில் சில முறை துழாவலாம். நூறு முறை கூடாது. கடவுச்சொல்லை உடைக்கும் முயற்சியை அங்கே செய்து பார்க்கக் கூடாது என்று எல்லையும் வகுத்திருக்கிறார்கள். அதனைச் சோதனைக்கு எடுத்துக்கொள்பவர், உங்கள் கையேட்டிலும் அவ்வெல்லையை எண்ணோடு எழுதிவிடுங்கள். முகவர் ஓய்வின்றித் திரும்பத் திரும்ப ஓடும் இயல்புடையது. நூறு முறை என்பது அதற்குச் சிறிது நேர வேலையே.